குழுத் தலைவர்களே, முதலில் உங்கள் கமிட்டைப் பாருங்கள்

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, பெர்ல், பிஎச்பி என்று வளைந்துகொடுக்கும் மொழிகளில் குழுவாக வேலை வாங்கும் டெக் லீடுகளுக்கும் மூத்த நிரலாளர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். பெர்லில் தொடங்கி பைத்தானுக்கு வந்தேன். இப்போது பாதி நாள் ஜாவாஸ்கிரிப்டில் போகிறது. சொந்தமாக எழுதுவது குறைந்து, பிறர் எழுதியதைப் படித்து ஒப்புதல் கொடுப்பதே முக்கால்வாசி வேலையாகிவிட்டது. அதனால் இதை யாரோ வெளியாள் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று ரொம்ப நாளாகப் பாக்கி கிடக்கிறது.

நிரல் நடை ஒழுங்காக இல்லை, ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள் என்று அதிகம் புலம்புகிறவர்கள் நாம்தான். பழி மட்டும் புதிதாக வந்தவர்கள் தலையில் விழுகிறது. நான் பார்த்தவரை, ஒரு களஞ்சியத்தில் (குழுவின் நிரல் முழுதும் இருக்கும் இடத்தில்) நடை சிதறிக் கிடந்தால் சிதறடித்தவர் பெரும்பாலும் புதியவர் இல்லை. புதியவர் பயந்து பயந்து பக்கத்து ஃபங்ஷனைப் பார்த்து அதே மாதிரி எழுதுகிறார். அந்தப் பக்கத்து ஃபங்ஷனை எழுதியவர் யார் என்று, வரிக்கு வரி ஆளைக் காட்டும் கிட் பிளேமில் பாருங்கள். நம் பெயர்தான் வரும்.

முன்பு நான் இருந்த ஒரு குழுவில் நடைவிதி ஆவணம் ஒன்று இருந்தது. எங்கள் லீட் எழுதியது, நன்றாகவே எழுதியிருந்தார். கமிட் செய்வதற்கு (மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதிவதற்கு) முன், நடை மீறல்களைக் கண்டுபிடிக்கும் லின்டர் தானாக ஓடும்படி ஹூக் அமைத்தவரும் அவரே. ஆனால் கமிட் கட்டளையோடு 'நோ-வெரிஃபை' என்று ஒன்றைச் சேர்த்தால் அந்த ஹூக் ஓடாது. ரிலீஸ் நாள், வாடிக்கையாளர் அழைப்பு, இரவு பத்து மணி என்று அவருக்கு அவசரங்கள் நிறைய. யாரும் பார்க்காமலே மெயின் பிராஞ்சுக்கு (குழுவின் முதன்மை நிரலுக்கு) நேராகத் தள்ளும் அனுமதியும் அவரிடம் இருந்தது. பல மாதம் கழித்து யாரோ ஒருவர் லின்டரை முழுக் களஞ்சியத்தின் மேலும் ஓட்டிப் பார்த்தார். மீறல்கள் குவிந்து கிடந்த ஃபைல்கள் எல்லாம் விதி எழுதியவருடையவை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அவர் சோம்பேறி இல்லை. குழுவிலேயே அதிகம் எழுதியவர் அவர், சிக்கலே அதுதான். ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும், யார் அதிகம் எழுதுகிறாரோ அவர் கைப்பழக்கம்தான் அந்தக் களஞ்சியத்தின் நடைமுறைச் சட்டம். அடுத்து வருகிறவர் ஆவணத்தைத் திறப்பதில்லை. அவருடைய ஃபைலைத்தான் திறக்கிறார்.

அதே குழுவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமான ஒரு பெண் தன் முதல் புல் ரிக்வெஸ்ட்டை (என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கையை) அனுப்பினார். முப்பதுக்கும் மேல் கருத்துகள் வந்தன. இங்கே ஒரு ஸ்பேஸ் விடு, அங்கே ஒற்றை மேற்கோளை இரட்டை ஆக்கு, இந்த வரி நீளம், இம்போர்ட் வரிசை தப்பு. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினார், ஒப்புதலும் கிடைத்தது. அந்த நிரலில் நெட்வொர்க் அழைப்பு ஒன்றுக்கு டைம்அவுட் (காத்திருப்பதற்கான கால வரம்பு) இல்லை. பார்த்த நாலு பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அந்த நாலு பேரில் நானும் ஒருவன். ஸ்பேஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும் என்று தெரியும்: "நடை என்பது ரசனை சமாச்சாரம், அதில் எதற்கு இவ்வளவு கெடுபிடி, விட்டுவிடலாமே." அப்படி விட்டுவிட முடியாது. இந்த மொழிகளில் ரசனை எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தெளிவான கோடு கிடையாது.

பெர்லையே எடுத்துக்கொள்வோம். லாரி வால் 1987-இல் வெளியிட்ட மொழி. ஒரு காரியத்தைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு என்பதுதான் அதன் தாரக மந்திரம். ஒரு ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கு 'இஃப்' போட்டு உள்ளே 'டை' எழுதலாம். 'அன்லெஸ்' போட்டும் எழுதலாம். நிபந்தனையை வாக்கியத்தின் வாலில் ஒட்டலாம். அல்லது ஒரே மூச்சில் 'ஓப்பன்... ஆர் டை' என்று முடிக்கலாம். நாலும் சரி. இப்போது ஒருவர் 'ஆர்' என்ற சொல்லுக்குப் பதிலாக || என்ற குறியைப் போடுகிறார். இரண்டும் 'அல்லது' தானே, குறி பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. ஓப்பனுக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதியிருந்தால் கதை கந்தல். || இறுக்கமாக ஒட்டும் குறி. அது தனக்கு இடப்பக்கம் இருக்கும் ஃபைல் பெயரோடு போய் ஒட்டிக்கொள்ளும். 'ஃபைல் பெயர் காலியாக இருந்தால் செத்துப் போ' என்று பொருள் மாறிவிடும். பெயர் காலியாக இருக்காது, அதனால் 'டை' ஒருநாளும் ஓடாது. ஃபைல் திறக்காவிட்டாலும் நிரல் தன்பாட்டில் அடுத்த வரிக்குப் போகும். 'ஆர்' தளர்வாக ஒட்டுவதால் முழு ஓப்பனின் விடையைப் பார்க்கிறது. கண்ணுக்கு ரசனை வித்தியாசம் போலத் தெரிந்தது இதுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் திறக்கும் நெளிவு அடைப்பை அதே வரியில் போடுவதா அடுத்த வரியில் போடுவதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மற்ற இடங்களில் எப்படியோ, 'ரிட்டர்ன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. 'ரிட்டர்ன்' எழுதி, வரியை உடைத்து, அடுத்த வரியில் { என்று தொடங்கினால், மொழி தானாகவே 'ரிட்டர்ன்' பின்னால் ஒரு செமிகோலன் போட்டுவிடும். ஃபங்ஷன் வெறுங்கையோடு திரும்பும். அடைப்புக்குள் இரண்டு பண்புகள் இருந்தால் பெரும்பாலும் இலக்கணப் பிழை என்று கத்தும், தப்பித்தோம். ஒரே ஒரு பண்பு இருந்தால் சத்தமே இல்லாமல் ஓடும். அந்தப் பண்பின் பெயரை லேபிள் என்று எடுத்துக்கொண்டு கடந்துபோகும். வேறொரு மொழியிலிருந்து வந்து, அங்கே பழகிய பழக்கத்தை இங்கே கொண்டுவந்த ஒருவரோடு உட்கார்ந்து இதைத் தேடி ஒரு மாலை முழுக்கப் போனது எனக்கு.

பைத்தான்காரர்கள் சிரிக்க வேண்டாம். பைத்தான் 2 காலத்து டேப் கதை நம்மில் பலருக்கு மறந்திருக்காது. ஃபங்ஷனுக்குள் நாலு ஸ்பேஸ் தள்ளி ஒரு லூப், லூப்புக்குள் எட்டு ஸ்பேஸ் தள்ளி அதன் உடம்பு. லூப் முடிந்த பிறகு, கடைசியில் ஒரே ஒரு தடவை மின்னஞ்சல் அனுப்பும் வரி. அந்த வரியைச் சேர்த்தவர் ஸ்பேஸுக்குப் பதில் ஒரு டேப் தட்டிவிட்டார். அவர் எடிட்டரில் டேப்புக்கு நாலு இடம். திரையில் அந்த வரி லூப்புக்கு நேர்கீழே, லூப்புக்கு வெளியே அழகாக நின்றது. பைத்தான் 2-க்கு டேப் என்றால் எட்டாவது இடம் வரை. அது அந்த வரியை லூப்புக்குள் இருப்பதாகப் படித்தது. ஒன்று போக வேண்டிய மின்னஞ்சல், பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை தடவை போனது. நிரலை அச்செடுத்துப் பார்த்தாலும் தப்பு தெரியாது. பைத்தான் 3 இதைப் பொறுத்துக்கொள்வதில்லை. இப்படி டேப்பும் ஸ்பேஸும் குழம்பினால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். மொழியே ஒரு நடைவிதியைக் கையில் எடுத்துக்கொண்ட இடம் அது.

ஆகவே ஒரே சீராக எழுதச் சொல்வது அழகுக்காக மட்டும் என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். கறுப்பு, கருப்பு இரண்டும் தமிழில் புழங்குகின்றன. எதை எழுதினாலும் வாசகருக்குப் புரியும். ஆனால் ஒரே பக்கத்தில் ஒரு பத்தியில் கறுப்பும் அடுத்த பத்தியில் கருப்பும் வந்தால் வாசகர் ஒரு கணம் நிற்பார்: இது வேறு எதையோ சொல்கிறதா? நிரல் படிக்கிறவர் அப்படி ஒரு கணம் ஒரு நாளில் நூறு தடவை நிற்கிறார். நின்ற இடத்தில் வித்தியாசத்துக்குக் காரணம் ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்ளவே நேரம் செலவாகிறது. கொஞ்ச நாளில் நிற்பதையே விட்டுவிடுகிறார். || என்ற குறி அப்போதுதான் அவரைக் கடந்து போகிறது.

சரி, இதில் பாதியை இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம். உள்தள்ளல், மேற்கோள் குறி, வரி நீளம், காற்புள்ளி, அடைப்பு எங்கே என்பதெல்லாம் இனி மனிதர் பேச வேண்டிய விஷயமே இல்லை. 2009-இல் கோ மொழி வெளிவந்தபோதே கோஃபம்ட் என்ற வடிவமைப்புக் கருவியும் கூடவே வந்தது. அதன் நடை யாருக்கும் பிடித்தமானது இல்லை, ஆனால் அந்தக் கருவி எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் சொன்னது அந்த வட்டாரத்தில் பிரபலம். வளைந்துகொடுக்கும் மொழிகளுக்கு அந்த ஞானம் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-இல் பிரிட்டியர், பைத்தானுக்கு 2018-இல் பிளாக். இரண்டிலும் நாம் மாற்றக்கூடிய அமைப்புகள் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டிருக்கின்றன. பிளாக் வரி நீளத்தை 88 என்று வைத்துக்கொள்கிறது. பைத்தானின் நடைவிதி ஆவணமான பெப் 8 சொல்வது 79. குழு ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்றும் அதே பெப் 8 சொல்கிறது. இதில் எது சிறந்தது என்று எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை இங்கே சொல்லப்போவதில்லை. யாருடைய கருத்தையும் கேட்காமல் இருப்பதற்குத்தான் அந்தக் கருவியே.

டேப்பா ஸ்பேஸா என்ற பழைய சண்டையில் மட்டும் ஒரு வாதம் என்னை நிறுத்தியது. பார்வைக் குறைபாடு உள்ளவர் எழுத்தை மிகப் பெரிதாக்கி வேலை செய்வார். டேப் என்றால் அதன் அகலத்தைத் தன் திரையில் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஸ்பேஸில் அது முடியாது. உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் சண்டை முடிந்தது, டேப் வையுங்கள். இல்லையென்றால் கருவி என்ன கொடுக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியைப் பொருத்துவதில் இரண்டு இடத்தில் வழுக்கும், இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். ஒன்று, கருவியின் பதிப்பு. பிளாக் தன் நடையில் செய்யும் மாற்றங்களை வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் வெளியிடும் வழக்கம் வைத்திருக்கிறது. ஒருவர் கணினியில் பழைய பதிப்பு, இன்னொருவர் கணினியில் புதியது என்றால், அவர் மாற்ற இவர் மாற்ற என்று ஒரே ஃபைல் ஊஞ்சல் ஆடும். பதிப்பு எண்ணைக் களஞ்சியத்திலேயே எழுதிப் பூட்டிவிடுங்கள். இரண்டு, ஹூக்கை மட்டும் நம்புவது. கிட் ஹூக்குகள் களஞ்சியத்தை க்ளோன் செய்யும்போது (நம் கணினிக்கு நகலெடுக்கும்போது) கூடவே வருவதில்லை. ஒவ்வொருவரும் தன் கணினியில் நிறுவ வேண்டும், நிறுவியதையும் மேலே சொன்னபடி தாண்டிவிடலாம். அதனால் அதே சோதனை சர்வரிலும் ஓட வேண்டும். அங்கே சிவப்பு விழுந்தால் மெர்ஜ் ஆகக் கூடாது, அது யாருடைய கமிட்டாக இருந்தாலும். இந்தக் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி வருவது கடைசியில் சொன்ன அந்த நிபந்தனைக்குத்தான்.

பழைய களஞ்சியத்தில் இதைத் தொடங்குவது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு நாள் காலையில் ஃபார்மேட்டரை (வடிவமைப்புக் கருவியை) முழுக்க ஓட்டிவிட்டு, கூடவே உங்கள் இரண்டு வரித் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான வரி டிஃபுக்குள் (மாறிய வரிகளின் பட்டியலுக்குள்) அந்த இரண்டு வரியை யாரும் தேடப்போவதில்லை, "பார்த்தேன், நல்லா இருக்கு" என்று ஒப்புதல் வந்துவிடும். வெறும் வடிவமைப்பு மட்டும் உள்ள ஒரு கமிட்டைத் தனியாகப் போடுங்கள், அதில் ஒரு எழுத்துகூட வேறு மாற்றம் இருக்கக் கூடாது. பிறகு அந்த கமிட்டின் அடையாளத்தை ஒரு ஃபைலில் எழுதி, பிளேம் பார்க்கும்போது இதைத் தாண்டிப் பார் என்று கிட்டிடம் சொல்லிவிடலாம். 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. "வடிவமைத்தால் பழைய வரலாறு எல்லாம் போய்விடும்" என்று சொல்லி வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இதைக் காட்டியதும் அவர் வேறு காரணம் தேடப் போனார்.

லின்டர் விதிகளுக்கு ரூபி உலகில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பழைய நிரலில் இருக்கும் மீறல்களை எல்லாம் ரூபியின் லின்டரான ரூபோகாப் ஒரு பாக்கிப் பட்டியலாக எழுதிக் கொடுத்துவிடும். அந்தப் பட்டியலில் உள்ளவை இப்போதைக்கு மன்னிக்கப்பட்டவை, புதிதாக எதுவும் சேரக் கூடாது. கையில் நேரம் இருக்கும்போது பட்டியலிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துத் திருத்தி நீக்கலாம். ஒரே வாரத்தில் உலகத்தைத் திருத்தும் வைராக்கியத்தை விட இது எவ்வளவோ மேல். பெர்லின் லின்டரான பெர்ல்கிரிட்டிக்கும் கண்டிப்பை ஐந்து படியாக வைத்திருக்கிறது. மிக மென்மையான படிக்கு 'ஜென்டில்' என்று பெயர், மிகக் கடுமையானதற்கு 'ப்ரூட்டல்'. முதல் நாளே 'ப்ரூட்டல்' போட்டு ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. திரை நிரம்பி வழிந்தது, அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இயந்திரத்திடம் கொடுக்க முடியாத பாதிதான் கனமானது. வரி நீளத்தை ஒழுங்குபடுத்திவிட்டு நடை சரியாகிவிட்டது என்று நாம் கைகழுவுவது இங்கேதான்.

பைத்தானில் வெளிப்படையான வழி ஒன்றே ஒன்று இருப்பது நல்லது என்று அந்த மொழியின் கோட்பாடு சொல்கிறது. நடைமுறையில் பாருங்கள். டிக்ஷனரியிலிருந்து (சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அமைப்பிலிருந்து) ஒரு மதிப்பை எடுக்க வேண்டும், அது இல்லாமலும் போகலாம். ஒருவர் முதலில் 'இன்' போட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். இன்னொருவர் நேரே எடுத்து, பிழை வந்தால் 'எக்ஸெப்ட்' வைத்துப் பிடிக்கிறார். மூன்றாமவர் 'கெட்' போடுகிறார். மூன்றும் ஃபார்மேட்டருக்குச் சுத்தமான நிரல்தான். ஆனால் 'கெட்' சாவி இல்லாதபோதும் 'நன்' (மதிப்பு ஒன்றும் இல்லை என்ற குறி) கொடுக்கும், சாவி இருந்து அதன் மதிப்பே 'நன்' ஆக இருந்தாலும் அதே 'நன்' கொடுக்கும். முதல் இரண்டு வழியில் எழுதியவர்களுக்கு அந்த இரண்டும் வேறு வேறு. ஒரே களஞ்சியத்தில் மூன்று பேரும் கலந்து எழுதினால், 'வாடிக்கையாளர் தொலைபேசி எண் கொடுக்கவில்லை' என்பதும் 'கொடுத்ததை அழித்துவிட்டார்' என்பதும் ஒரு மாட்யூலில் வேறாகவும் அடுத்த மாட்யூலில் ஒன்றாகவும் இருக்கும். எந்த லின்டரும் இதற்குச் சிவப்பு போடாது. நம் குழுவில் 'இல்லை' என்பதை எப்படிச் சொல்கிறோம் என்று யாரோ ஒருவர் முடிவெடுத்து எழுதிவைக்க வேண்டும். அந்த யாரோ நீங்கள்தான்.

பெயர்களும் அப்படியே. நான் பார்த்த ஒரு திட்டத்தில் பயனர் அடையாள எண்ணுக்கு நாலு பெயர் இருந்தது. பைத்தான் பக்கம் அடிக்கோடு போட்டு 'யூசர்_ஐடி', ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் சேர்த்து எழுதி நடுவில் பெரிய எழுத்து வைத்த 'யூசர்ஐடி', அவசரத்தில் எழுதிய ஒருவர் கையில் 'யுஐடி', பழைய ஸ்கிரிப்ட் ஒன்றில் வெறும் 'யூசர்' — அது பயனரின் முழு விவரமா எண் மட்டுமா என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த எண்ணின் வகையை மாற்ற வேண்டி வந்தது. தேடலில் போட்டோம், கிடைத்த இடமெல்லாம் மாற்றினோம், சோதனைகள் தேறின. தேடலில் அகப்படாத 'யுஐடி' மட்டும் பழைய வகையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மொழிகளுக்கு இரண்டு மரபு இருப்பது தப்பில்லை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது எங்கே என்பது ஒரே ஒரு இடமாக இருக்க வேண்டும், அந்த இடம் எது என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரில் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பைத்தானின் சொந்த நூலகமே சாட்சி. பெப் 8 முதலில் எழுதப்பட்டது 2001-இல். ஃபங்ஷன் பெயர்களைச் சிறிய எழுத்தில், அடிக்கோடு போட்டுப் பிரிக்கச் சொல்கிறது. ஆனால் மொழியோடு வரும் 'லாகிங்', 'யூனிட்டெஸ்ட்' இரண்டிலும் இன்றுவரை 'கெட்லாகர்', 'அசர்ட்ஈக்வல்' என்று நடுவில் பெரிய எழுத்து வைத்த பெயர்கள்தான். உலகம் முழுக்க அந்தப் பெயர்களைக் கூப்பிட்டு எழுதிய நிரல் இருக்கிறது, இனி மாற்ற முடியாது. ஸ்பேஸை இன்றைக்கும் மாற்றலாம், பத்து வருடம் கழித்தும் மாற்றலாம். வெளியே கொடுத்துவிட்ட பெயர் போனது போனதுதான். இந்த இரண்டில் எதற்கு நாம் கூட்டம் போட்டு நேரம் செலவழிக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த இரண்டாவது பாதிக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஆவணம் வேண்டாம். அதில் ஃபார்மேட்டர் பார்த்துக்கொள்ளும் எதுவும் வேண்டாம். 'இல்லை' என்பதை எப்படிச் சொல்கிறோம், பிழையை எங்கே பிடிக்கிறோம் எங்கே விடுகிறோம், பெயர் எங்கே உருமாறுகிறது, மொழியின் எந்த வித்தைகளை இங்கே தொடுவதில்லை — இவ்வளவு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம், கூடவே உங்கள் களஞ்சியத்திலிருந்தே ஒரு உதாரணம். காரணம் எழுத முடியாத விதியை நீக்கிவிடுங்கள். அது உங்கள் கைப்பழக்கமாக இருக்கும். இன்னொன்று: இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும் நம் களஞ்சியத்தில் எழுதுகின்றன. அவையும் புதியவரைப் போலத்தான், திறந்திருக்கும் ஃபைலைப் பார்த்து அதே மாதிரி எழுத முயல்கின்றன. அந்த ஃபைலில் மூன்று நடை இருந்தால் அவற்றிடமிருந்து நாலாவதை எதிர்பார்க்கலாம்.

விதியை மீற வேண்டிய இடங்களும் வரும், அதை நான் மறுக்கவில்லை. எப்போது சீரில்லாமல் எழுதலாம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் பெப் 8 சேர்த்தேதான் சொல்கிறது. ஒரு மேட்ரிக்ஸை (எண் அணியை) எண்கள் நேருக்கு நேர் வரும்படி எழுதியிருப்பீர்கள், ஃபார்மேட்டர் அதைக் கலைத்துவிடும். அந்த இடத்தில் மட்டும் அணைத்து வையுங்கள், தப்பில்லை. ஆனால் ஏன் அணைத்தேன் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். காரணம் இல்லாமல் அணைத்த வரிகள் உங்கள் களஞ்சியத்தில் எத்தனை இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அதையும் பிளேமோடு சேர்த்துப் பாருங்கள்.

சரி, இனி நான் கேட்பதற்கு வருகிறேன். மெயின் பிராஞ்சுக்கு நேராகத் தள்ளும் அனுமதியை நீக்குங்கள், முதலில் உங்களுடையதை. களஞ்சியத் தளத்தின் அமைப்பில் நிர்வாகிக்கு மட்டும் விலக்கு இருந்தால், அந்த விலக்கையும் எடுத்துவிடுங்கள். புல் ரிக்வெஸ்ட்டில் ஸ்பேஸ் பற்றிக் கருத்து எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். எழுதத் தோன்றினால் அது கருவியின் அமைப்பில் போக வேண்டிய மாற்றம், அங்கே ஒரு புல் ரிக்வெஸ்ட் போடுங்கள். புதிதாக வந்தவரை உங்கள் ஃபைல் ஒன்றை ரிவ்யூ செய்யச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்க ஆவணத்தைக் கையில் கொடுத்து, எங்கெல்லாம் நான் இதை மீறியிருக்கிறேன் என்று கேளுங்கள். என் ஃபைல் ஒன்றை அப்படிக் கொடுத்தேன். பதினொரு இடம் காட்டினார். இரண்டை நான் வாதாடிக் காப்பாற்றினேன், அதில் ஒன்று தப்பான வாதம் என்று மறுநாள் புரிந்தது.

அவசரம் வரும், தெரியும். இரவு பத்து மணிக்கு சர்வர் படுத்துக் கிடக்கும்போது இம்போர்ட் வரிசை தப்பு என்று கருவி நிறுத்தினால் கோபம் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் 'நோ-வெரிஃபை' நோக்கி விரல் போகும்போது ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். ஃபார்மேட்டரை ஒரு தடவை ஓட்டி, அதற்கு எத்தனை நொடி ஆனது என்று குறித்துவைத்து எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்